மேலே ஒரு விரற்கடை இடைவெளி

என்னங்க,

உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. காகிதத்தில் எழுதவும் கை வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து 'இன்னாங்க' என்று நான் குரல் கொடுத்தால், கொட்டகையில் இருந்தபடியே 'தோ வந்துட்டேன்' என்பீர்கள். வரமாட்டீர்கள். இப்போதும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் வருஷ நாளுக்குப் பத்திரிகையில் போட நாலு வரி எழுதித் தரச் சொன்னார் உங்கள் தம்பி ஸ்ரீபால். போட்டோவுக்குக் கீழே நாலு வரி. அவருக்கு எல்லாமே நாலு வரியில் முடிந்துவிட வேண்டும். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீங்கள்? அதனால் படிக்கிறவர்கள் படிக்கட்டும் என்று உங்களுக்கே எழுதுகிறேன். சேதி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் நம்மைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாம் நயினார் வீடு, சமணர். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிப்போம், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்போம், தெரிந்து ஓர் உயிரைக் கொல்ல மாட்டோம். திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, கோமுகி வாய்க்கால் கரும்பை நம்பி, கச்சிராயபாளையம் ரோட்டோரமாக வெல்லக் கொட்டகை போட்டவர் உங்கள் அப்பா. ஈயும் தேனீயும் வராத வெல்லக் கொட்டகை உண்டா? கொல்லாத வீட்டுக்காரர்கள் எடுக்கிற தொழிலா இது என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். 'எங்க அப்பாவைக் கேளு' என்றீர்கள். அவர் அப்போதே போட்டோவில் இருந்தார்.

காய்ச்சுகிற இடம் நாலு பக்கமும் திறந்தது. அங்கே வந்த ஈ தானே போய்விடும். தொல்லை வெல்லம் அடுக்கி வைக்கிற அறையில்தான். மேற்கே ரோட்டைப் பார்த்து ஒரே ஒரு சன்னல். மழை ஈரத்தில் வெல்லம் கசியும், கசிந்தால் ஈ மொய்க்கும். வெல்லம் எடுக்கிற கள்ளக்குறிச்சி மண்டிக்காரர் ஒரு தடவை வந்து பார்த்து முகம் சுளித்தார். 'நயினாரே, கொஞ்சம் பூச்சிப் பவுடர் வாங்கித் தூவுங்க. அப்புறம் கூட்டி அள்ளிடலாம்' என்றார். நீங்கள் சிரித்து அனுப்பிவிட்டு, மறுநாளே டவுனுக்குப் போய்க் கம்பி வலை வாங்கி வந்து சன்னலில் அடித்தீர்கள்.

சில நாள் கழித்து அறையைத் திறந்தால், சன்னலுக்குக் கீழே கறுப்பாக ஒரு குவியல். கதவைத் திறக்கும்போது உள்ளே நுழைந்தவை வெளிச்சத்தைப் பார்த்துச் சன்னலுக்குப் பறந்திருக்கின்றன. முன்பெல்லாம் அப்படியே வெளியே போய்விடும். இப்போது வலை தடுத்துவிட்டது. முட்டி முட்டி அங்கேயே செத்துக் கிடந்தன. கொல்லக் கூடாது என்று அடித்த வலை அது. நம்ம வீட்டில் மட்டும்தான் இப்படி ஒரு கூத்து நடக்கும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அன்றைக்குக் காய்ச்சி ஆறின தண்ணீரைத் தவிர நீங்கள் வாயில் ஒன்றும் வைக்கவில்லை.

வலையைப் பிடுங்கினால் மண்டிக்காரர் வெல்லம் எடுக்க மாட்டார். பவுடர் தூவ நீங்கள் மாட்டீர்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ரொம்ப நாள் முழித்தீர்கள். கடைசியில் ஒரு சாயங்காலம் சாப்பிடும்போது, உள்ளே வந்தது வெளியே போகிற மாதிரியும், வெளியே இருப்பது உள்ளே வராத மாதிரியும் ஒரு சன்னல் வலை செய்யப் போவதாகச் சொன்னீர்கள்.

'இன்னாங்க, ஈக்குப் போயி தனிக் கதவா?' என்றேன்.

'ஆமா. தாப்பாள் இல்லாத கதவு' என்றீர்கள்.

வழி கிடைத்தது டவுன் பஸ்ஸில். டிரைவருக்கு முன்னால் இருக்கிற பெரிய கண்ணாடியில் ஓர் ஈ. கீழேயிருந்து மேலே ஏறும், உச்சியில் முட்டும், விழும், மறுபடியும் ஏறும். கள்ளக்குறிச்சியிலிருந்து நம்ம ஊர் வரைக்கும் அது ஒரு தடவைகூடக் கீழ்ப்பக்கம் வழி தேடவில்லையாம். அதையே பார்த்துக்கொண்டு வந்தவர், நம்ம நிறுத்தத்தில் இறங்காமல் கோமுகி அணை வரைக்கும் போய், அங்கிருந்து நடந்து வந்தீர்கள். வாங்கின காய்கறிப் பை பஸ்ஸோடு போயிற்று. பொழுது சாயப் போகிறதே என்று நான் வாசலில் நின்று திட்டிக்கொண்டிருந்தேன். வந்ததும் வராததுமாக, 'மேலதான் போவுது ராஜமதி. மேல வழி வுட்டா போயிடும்' என்றீர்கள். அன்றைக்கு மோர்ச் சோறும் ஊறுகாயும்தான். ருசித்துச் சாப்பிட்டீர்கள்.

நீங்கள் போட்ட திட்டம் எனக்கு இன்னும் மனப்பாடம். வலையைச் சட்டத்துக்குள் அடிக்காமல் வெளிச்சுவரில் அடிப்பது. சன்னலைத் தாண்டி மேலே ஒரு சாண் உயரத்துக்கு வலையை நீட்டுவது. அந்த இடத்தில் சுவருக்கும் வலைக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி விட்டு, உச்சியை மூடாமல் வைப்பது. உள்ளே இருக்கிற ஈ வலையைப் பிடித்து ஏறி, சுவரோரமாகவே மேலே போய் வெளியேறிவிடும். வெளியே இருக்கிற ஈ வாசனைக்கு வந்து வலையின் நடுவில் உட்காரும். ஏறினாலும் வெளிப்பக்கமாகவே ஏறிப் பறந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நடக்கவில்லை. ஈக்கள் வலைக்கு வந்தன, கீழ் மூலையிலேயே சுற்றின, அங்கேயே விழுந்தன. இடைவெளி கம்மியோ என்று கூட்டினீர்கள். ஜாஸ்தியோ என்று குறைத்தீர்கள். பச்சைச் சாயம் பிடிக்கவில்லையோ என்று வெள்ளையாக வேறு வலை வாங்கினீர்கள். கீழேதானே கூடுகின்றன, கீழேயே வழி விடுவோம் என்று ஒரு நாள் கீழே திறந்துவிட்டீர்கள். அன்றைக்கு வாசனை பிடித்து வெளியில் இருந்ததெல்லாம் உள்ளே வந்துவிட்டது. ஸ்ரீபால் வாய்க்குள்ளேயே ஒன்று போயிற்று. அவர் துப்பின வேகத்தில் அது பிழைத்ததா என்று நீங்கள் தரையில் குனிந்து தேடினீர்கள். அவ்வளவு சிரித்த நாள் எனக்கு வேறு இல்லை. மறுநாளே கீழே அடைத்து, மேலே பழையபடி ஒரு விரற்கடை விட்டுவைத்தீர்கள்.

ஊரில் உங்களுக்கு 'ஈ நயினார்' என்று பேர் விழுந்தது. டீக்கடையில் உங்களைப் பார்த்ததும், 'நயினாரே, கிளாசுல ஒண்ணு வுழுந்துட்டுது, கொஞ்சம் வழி வுடுங்க' என்பார்களாம். நீங்கள் நிஜமாகவே அதை விரலில் ஏந்தி, சட்டையில் வைத்து உலர்த்தி அனுப்புவீர்களாம். எனக்குத்தான் ஆத்திரமாக வரும். உங்களுக்கு ஏன் வரவே இல்லை?

பஸ் ஈ மேலே ஏறுகிறது, நம்ம ஈ ஏறவில்லை. அது ஏன் என்று தெரியாமலேயே போன வருஷம் கார்த்திகையில் மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது கொட்டகையை ஸ்ரீபாலும் நானும் பார்த்துக்கொள்கிறோம். தினமும் காலையில் அந்த அறையைத் திறந்து, செத்துக் கிடப்பதைக் கூட்டுவேன். உயிரோடு இருப்பதைத் துணியால் விசிறிக் கதவு வழியாக ஓட்டி விடுவேன். நீங்கள் செய்ததும் அதைத்தான். ஆனால் அப்போது பக்கத்தில் நான் கேலி பேசிக்கொண்டு நிற்பேன். இப்போது துணியை வீசிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறேன். கேலி பேச ஆள் இல்லை. வருஷம் ஆகியும் திரும்பிப் பார்க்கிறது நிற்கவில்லை.

சாயங்காலச் சாப்பாடும் அப்படித்தான். பொழுது பாதி இறங்கின பிறகு ஓடி வந்து உட்காருவீர்கள், சூரியனோடு பந்தயம் கட்டினவர் மாதிரி. நான் பரிமாறிக்கொண்டே திட்டுவேன். இப்போது வெயில் நன்றாக அடிக்கும்போதே சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். அதற்கப்புறம் இருட்டுகிற வரைக்கும் உள்ள நேரத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

சரி, சேதிக்கு வருகிறேன். புரட்டாசியில் மண்டிக்காரர் சொல்லி அனுப்பினார். ஆயுத பூசைக்கு லாரி அனுப்புகிறாராம், அறையில் ஈ இருந்தால் வெல்லம் வேண்டாமாம். ஸ்ரீபால் டவுனுக்குப் போய்ப் பவுடர் வாங்கி வந்து பரண்மேல் வைத்துவிட்டார்.

'ஒரே ஒரு தபா அண்ணி. நான் தூவறேன், பாவம் எனக்கே வரட்டும். நீங்க அந்தாண்ட வராதீங்க' என்றார்.

'உங்க அண்ணன் வூட்டுல அது நடக்காது தம்பி.'

'அண்ணன் இருந்தா நான் இத வாங்கியே இருக்க மாட்டேன். லாரி திரும்பிப் போயிட்டா, அடுத்த கரும்புக்கு இன்னா பண்றது? சொல்லுங்க.'

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. லாரி வருவதற்கு முந்தின நாள் தூவுவது என்று அவரே முடிவு செய்தார். உங்களுக்காக நான் காப்பாற்றி வைத்திருந்தது அந்த ஒன்றுதான். அதுவும் போகப் போகிறதே என்று இருந்தது எனக்கு. ஸ்ரீபாலிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

அதற்குள் மறியல் வந்துவிட்டது. உங்களுக்குத் தெரியும், நீங்கள் இருக்கும்போதே கொட்டகையில் அந்தப் பேச்சு இருந்தது. இட ஒதுக்கீடு கேட்டு, நம்ம கொட்டகை ஆட்களும் அவர்கள் சனமும் ஊர் ஊராக ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. சங்கராபுரத்தில் இருக்கிற என் தங்கை வீட்டு விசேஷத்துக்குக் கூடப் போக முடியவில்லை. எனக்கோ உள்ளுக்குள் நிம்மதி, லாரி வராதே என்று. வெளியில் சொல்ல முடியுமா?

மறியல் தொடங்கின காலையில் ரோட்டில் கோடாலிச் சத்தம் கேட்டு ஓடினேன். வெல்ல அறைச் சன்னலுக்கு எதிரே நிற்குமே, அந்தப் புளியமரம். அதன் நிழலில் வெல்லம் இளகாது என்றுதான் உங்கள் அப்பா அறையையே அங்கே கட்டினார். வெட்டிக்கொண்டிருந்தவர்களில் முன்னால் நின்றது, நம்ம கொட்டகையில் பாகு பதம் பார்க்கிற முருகேசன்.

'இன்னா முருகேசன் இது? நெழல்ல குந்தித் துன்ன மரத்தையா வெட்டுறீங்க?' என்றேன்.

கோடாலியை ஊன்றிக்கொண்டு நின்றார். 'வண்டி ஓடலன்னாத்தாம்மா நாம இருக்கறதே மேல கீறவங்களுக்குத் தெரியும். எம் பையன் படிச்சிட்டு உங்க கொட்டாயிலதான் கரும்பு தள்ளிக்கினு கீறான். அவனுக்கு ஒரு வேல வேணும்னுதாம்மா இது.' பிறகு குரலைத் தணித்து, 'காக்காக் கூட்டை எடுத்து அந்தாண்ட மரத்துல வெச்சிட்டோம். அணிலையெல்லாம் தட்டி ஓட்டிட்டுத்தான் கோடாலி வெச்சோம். ஈ நயினார் வூட்டு மரம்னு பசங்களுக்கும் தெரியும்' என்றார்.

அவர்மேல் கோபப்பட வந்தவள் அழுதுகொண்டே வீட்டுக்குத் திரும்பினேன். மரம் விழுந்து ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. அந்த வெட்டவெளியைப் பார்க்கப் பிடிக்காமல் கொட்டகைப் பக்கமே போகவில்லை. வாசலில் நின்றால் கல்வராயன் மலை முழுசாகத் தெரிந்தது. அதையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம், இத்தனை நாளாகக் கூட்டாமல் கிடக்கிறதே என்று மனசு கேட்காமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்து சன்னலடிக்குப் போனால், கூட்டுவதற்கு அங்கே புதிதாக ஒன்றும் இல்லை. முன்பே செத்துக் காய்ந்தவை கொஞ்சம், அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தேன். ஈக்கள் வலையைப் பிடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தன. சட்டத்தைத் தாண்டி மறைந்தன. துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். நீங்கள் விட்டுவைத்த அந்த விரற்கடை இடைவெளியிலிருந்து ஒவ்வொன்றாக வந்து, விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தேய்த்துக்கொண்டு, பறந்து போயின. மலையிலிருந்து வந்த தேனீ ஒன்றும் போயிற்று. வெளியிலிருந்து வந்தவை வலையின் நடுவில் மொய்த்தன. உள்ளே இறங்க அவற்றுக்கு வழி தெரியவில்லை.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நீங்கள்தான் எங்கிருந்தோ வந்து சரி செய்துவிட்டுப் போனீர்கள் என்றுகூட நினைத்தேன். சிரிக்காதீர்கள், நம் சமயத்தில் போன உயிர் அப்படித் திரும்பி வர வழியில்லை என்று எனக்கும் தெரியும்.

பிறகுதான் என் கைமேல் வெயில் விழுவதைப் பார்த்தேன். அந்த இடத்தில் வெயில் விழுந்து நான் பார்த்ததே இல்லை. புளியங்கிளை ஓட்டுக்கு மேலே படர்ந்து, சன்னலின் மேல்பாதியை இருட்டாகவே வைத்திருந்தது. வெளிச்சமெல்லாம் ரோட்டுப் புழுதியில் பட்டுக் கீழ்ப்பக்கமாகத்தான் வரும். ஈ தேடியது உயரத்தை இல்லை, வெளிச்சத்தை. பஸ் கண்ணாடியில் வானம் மேலே இருந்தது. நம்ம சன்னலில் வானமே இல்லை. வலையை மாற்றினோம், இடைவெளியை மாற்றினோம், மரத்தை மட்டும் நாம் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. நல்ல நிழல் என்று அதைப் பாராட்டிக்கொண்டே இருந்தோம்.

ஸ்ரீபாலைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் நின்று பார்த்தார். 'அண்ணன் போட்ட திட்டம் சரியாத்தான் கீது அண்ணி' என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு இரண்டு பேரும் பழையபடி பேச ஆரம்பித்தோம்.

ரோடு திறந்து லாரி வந்தது. மண்டிக்காரர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'இன்னா மருந்து போட்டீங்க?' என்று கேட்டார். ஸ்ரீபால் சன்னலைக் காட்டினார். அவருக்குப் புரியவில்லை, ஆனால் வெல்லத்தை ஏற்றிக்கொண்டார். பரண்மேல் இருந்த பவுடரை ஸ்ரீபால் வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். கூரைமேல் தென்னங்கீற்று போட்டு வெயிலைச் சமாளிக்கிறோம்.

மறியலுக்காக முருகேசனைப் போலீசார் பிடித்துக்கொண்டு போய்ச் சில நாள் கழித்து விட்டார்கள். வேலைக்கு வந்ததும் அவரிடமும் காட்டினேன். 'அப்போ எம்மேல கோவம் இல்லீங்களாம்மா?' என்றார். 'மரத்துக்காகக் கோவம் கீது. சன்னலுக்காக இல்ல' என்றேன். அவர் பையனுக்கு இன்னும் வேலை வரவில்லை. கரும்புதான் தள்ளிக்கொண்டிருக்கிறான்.

நான் சொல்ல வந்ததை இனிமேல்தான் சொல்ல வேண்டும். படுக்கையில் விழுந்த அந்த நாட்களில், நான் கொட்டகையிலிருந்து வந்து கால் கழுவி முடிப்பதற்குள் கட்டிலில் இருந்தே கேட்பீர்கள்.

'ஒண்ணாவது போச்சா?'

'இல்லீங்க.'

'செரி, நாளைக்குப் பாக்கலாம்.'

ஸ்ரீபால் என்னைத் தனியே கூப்பிட்டு, 'போச்சுன்னுதான் சொல்லிடுங்களேன் அண்ணி. மனுசன் நிம்மதியா தூங்கட்டும்' என்றார். நான் சொல்லவில்லை. உங்களிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சொல்லியிருந்தால் அந்தக் காய்ச்சலோடு எழுந்து பார்க்க வந்திருப்பீர்கள் என்பது வேறு. கடைசிச் சாயங்காலம் நீங்கள் கேட்கவில்லை. கால் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது கேட்பீர்கள், இப்போது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். இருட்டிவிட்டது.

ஏன் கேட்கவில்லை? என் பதில்தான் தெரியுமே என்றா? அலுத்துவிட்டதா? ஒரே ஒரு வருஷம் கூட இருந்திருக்கக் கூடாதா? கைத்தாங்கலாகக் கூட்டி வந்து அந்த வெயிலில் நாற்காலி போட்டு உங்களை உட்கார வைத்திருப்பேன். எப்படி முழிப்பீர்கள், முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள் என்றெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். நினைக்க நினைக்க உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஐப்பசி மழைக்குப் புளியமரத்து அடிக்கட்டை துளிர்த்துவிட்டது. 'இப்பவே கிள்ளிடலாம் அண்ணி, வளந்தா மறுபடி இருட்டும்' என்றார் ஸ்ரீபால். வேண்டாம் என்றேன். முருகேசன் அதைச் சுற்றி முள் வைத்து ஆடு மேயாமல் பார்த்துக்கொள்கிறார். அந்த மரம் நிழல் விழுகிற அளவுக்கு வளர்வதற்குள், அறையின் கிழக்குச் சுவரை உடைத்து, வானம் தெரிகிற இடமாகப் பார்த்து அதே மாதிரி ஒரு சன்னல் வைத்துவிடுவேன். மரத்தையும் கிள்ள விடமாட்டேன், பவுடரையும் உள்ளே விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இன்னொன்று. இனிமேல் நீங்கள் கேட்கிற வரைக்கும் காத்திருக்க மாட்டேன். தினமும் கொட்டகையைப் பூட்டிவிட்டு வந்து, கால்கூடக் கழுவாமல், உங்கள் கட்டிலுக்கு நேரே நின்று நானே முதலில் சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சொன்னேன்.

போச்சுங்க. எல்லாமே போயிடுச்சுங்க.

உங்கள் வீட்டுக்காரி,
ராஜமதி